கொடியில்லாத வேட்பாளர் யார் பக்கம்?

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டிலும், மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டிலும் கட்சிச் சின்னங்கள் உண்டு. ஆனால் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும், வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டிலும் நிற்பவர்கள் எல்லோரும் சுயேச்சைகளே. 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் இப்படித்தான் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊராட்சிகளில் வாக்களித்தோம்.

“கிராமத்துக்கு அரசியல் வேண்டாம், ஊர் ஒற்றுமையே போதும்” என்று உபதேசிக்கிறார்கள். யாருடைய ஊர்? யாருடைய ஒற்றுமை? நிலம் வைத்திருப்பவனும் அதில் கூலிக்கு நடவு நடுபவளும் கொடி இல்லாததால் மட்டும் சமமாகிவிடுவார்களா?

தேர்தல் வந்ததும் சில ஊர்களில் பணக்காரர்கள் கூடுகிறார்கள். கோயிலுக்கு அதிகப் பணம் கொடுப்பவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விடுகிறார்கள். “போட்டியின்றித் தேர்வு” என்று அறிவிப்பு வருகிறது. கூலிக்காரனின் வாக்குரிமை அங்கே களவு போகிறது!

ஏலம் பலிக்காத இடத்தில் அரிவாள் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு தனித்தொகுதி ஊராட்சியானது. 1996இல் அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்தவிடவில்லை. 2006இல்தான் அங்கே ஜனநாயகம் நுழைந்தது.

இன்னொரு சூழ்ச்சியையும் நாம் அறிய வேண்டும். துணைத்தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு அவரும் கையெழுத்திட வேண்டும். தனித்தொகுதியில் உழைப்பாளி ஒருவர் தலைவரானாலும், பண்ணையாரின் ஆள் துணைத்தலைவரானால் பேனா மூடியே கிடக்கும்; குழாயில் தண்ணீர் வராது, சுடுகாட்டுப் பாதை வராது. ஆகவே வெள்ளைச் சீட்டை அற்பமாக நினைக்காதீர்கள்!

தோழர்களே! வாக்குக் கேட்டு வரும் சுயேச்சையிடம் கேளுங்கள்: கூலி உயர்வுக்குப் போராடியபோது நீ எங்கே நின்றாய்? காலனித் தெருவுக்கு விளக்கு கேட்டபோது என்ன சொன்னாய்? ஏலக் கூட்டத்தில் நீயும் உட்கார்ந்தாயா?

ஒவ்வொரு வார்டிலும் விவசாயத் தொழிலாளியை நிறுத்துவோம். ஆலைத் தொழிலாளர்கள் ஊருக்கு வந்து துணை நிற்கட்டும். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று கொடியேற்றிய கையோடு சபைக்கும் திரண்டு போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்போம். சின்னம் இல்லாத தேர்தலில் நம் ஐக்கியமே நமது சின்னம்!