பலகையும் பேரேடும்



கணிப்பொறி பயில்வோரிடையே ஒரு குழப்பம் உலவுகிறது. பல பொறிகளின் நினைவகத்தில் பரப்பி வைக்கும் ‘கேஷ்’ என்பதும், ‘நோ எஸ்.கியூ.எல்.’ தரவுத்தளமும் ஒன்றே என்கின்றனர். இரண்டும் பெயர் சொன்னால் பொருள் தருகின்றனவாம். இரண்டும் பல பொறிகளில் இயங்குகின்றனவாம். இதனை நான் மறுக்கிறேன்.

நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியை எண்ணிப் பாருங்கள். அன்றைய விலை வாசற் பலகையில். கொடுக்கல் வாங்கல் பேரேட்டில். சாரல் பட்டுப் பலகை அழிந்தால், உள்ளே கேட்டு மீண்டும் எழுதலாம். பேரேடு நனைந்தால்? வணிகமே நனைந்தது!

கேஷ் அந்தப் பலகை. தரவுத்தளத்தை ஓயாமல் கேட்டு அலைக்கழிக்காதிருக்க எடுத்து வைத்த படி. 2003இல் தோன்றிய மெம்கேஷ்டைப் பாருங்கள். அதன் பொறிகள் ஒன்றையொன்று அறியா. எது எந்தப் பொறியில் என்பதைக் கேட்பவனே கணக்கிட்டுக் கொள்கிறான். இடம் நிறைந்தால், கேட்பாரற்றுக் கிடப்பதை வெளியே தள்ளும். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. அது குறையன்று, இயல்பு. 2008இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கசாண்ட்ராவோ நோ எஸ்.கியூ.எல். இனம். வந்ததை வட்டில் உள்ள பதிவேட்டில் எழுதுகிறது. வேறு பொறிகளிலும் படி வைக்கிறது.

பொங்கலுக்கு ஊர் செல்லத் துடிக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2014இல் இரயில்வேயின் இணையச் சீட்டு முறையைப் புதுப்பித்தபோது, ஜெம்ஃபயர் என்னும் நினைவகச் சேமிப்பைப் புகுத்தினர். நிமிடத்திற்கு 2000 சீட்டு என்றிருந்த திறன் 7200 ஆயிற்று. (அது ஒன்றே காரணம் என்று சொல்லேன், புதிய பொறிகளும் வந்தன.) இத்தகைய முறையில், திரையில் தெரியும் ‘இடம் 12’ சற்றே பழையதாயின் பொறுப்போம். ஒரே படுக்கை இருவருக்கு எழுதப்பட்டால் பொறுப்போமா? அந்த எழுத்துக்கு உரிய இடம் பேரேடே.

ரெடிஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதே என்பீர்கள். உண்மைதான். நினைவகத்தில் வாழ்ந்துகொண்டே வட்டிலும் எழுத வல்லது. ஆயினும் நொடிக்கு ஒருமுறை பதியும்படி அமைத்தால், கடைசி நொடியின் எழுத்து தொலையலாம். விலைப் பலகைக்கு அது போதும். விடுதிக் கட்டணக் கணக்குக்குப் போதுமா?

ஆய்வகத்தில் வேகத்தை மட்டும் அளந்து மதிப்பெண் இடுகின்றனர். ஓடும் பொறியின் மின்கம்பியை ஒருமுறை பிடுங்கிவிட்டு, எது மீண்டது, எது மாண்டது என்றும் மாணவரை எழுதச் சொல்லட்டும். வரும் பருவத்திலேயே தொடங்கலாம். செலவு ஏதும் இல்லை.