பிழிவதா, எரிப்பதா?

நனைந்த துணியைப் பிழியாமல், சொட்டச் சொட்ட அடுப்பின்மேல் காயப் போடுகிறவனைக் கண்டால் ஊர் சிரிக்கும். ஆனால் காகித ஆலையில் பிரஸ் பகுதியைக் கவனியாமல் விட்டு, பாய்லரில் நிலக்கரியைக் கொட்டும் நிர்வாகங்களைக் கண்டு சிரிப்பார் இல்லை!

கணக்கைப் பாருங்கள். கம்பிவலையில் வந்து விழும் கூழில் 100-க்கு ஏறத்தாழ 99 பங்கு தண்ணீர். வலையைத் தாண்டும்போது அது 80 பங்காகிறது. அதன்பின் உருளைகளுக்கிடையே, கம்பளத்தோடு சேர்த்துத் தாளைப் பிழிவதுதான் பிரஸ்ஸின் வேலை. அங்கே பிழியாத ஈரத்தை நீராவியால்தான் விரட்டவேண்டும். பிரஸ்ஸை விட்டு வரும் தாளில் 40 பங்கு நார் என்றால், ஒரு டன் நாரோடு 1,500 கிலோ தண்ணீர் ஒட்டி வருகிறது. 45 பங்காக உயர்த்தினால் 1,222 கிலோதான். டன்னுக்கு 278 கிலோ தண்ணீரை ஆவியாக்கும் செலவு மிச்சம்!

"அப்படியானால் இன்னும் அழுத்து" என்பர் அவசரக்காரர். தண்ணீர் வெளியேற நேரமும் வேண்டும். நேரம் தராமல் நெரித்தால் தாள்தான் நசுங்கும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1979-இல் அமைந்த தமிழக அரசு நிறுவனத்தின் ஆலை, கரும்புச் சக்கையை நம்பி எழுந்தது. சக்கைக் கூழின் குட்டை நார் தண்ணீரை எளிதில் விடாது. அத்தகைய கூழுக்கு முரட்டு அழுத்தம் மருந்தாகாது.

1980-இல் அமெரிக்க ஆலையில் ஓடத் தொடங்கிய 'ஷூ பிரஸ்', அழுத்தும் இடத்தை அகலமாக்கி நேரத்தை நீட்டியது. அதற்குப் பெருமுதல் வேண்டும். ஆனால் கம்பளத்தின் துளைகள் அடைபடாமல் கழுவி உறிஞ்சிவைக்கவும், தாளைச் சூடாக்கித் தண்ணீரை இளக்கவும், பிழிந்த உடனே தாளைக் கம்பளத்திலிருந்து பிரிக்கவும் கோடிகள் தேவையில்லை. பிரிக்கத் தாமதித்தால், பிழிந்த நீரைத் தாளே திரும்பக் குடித்துவிடும்!

கம்பளம் அடைபட்டதை முதலில் அறிபவர் யார்? நாற்காலியில் இருப்பவரா? இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியே! அவர் சொல் ஏட்டில் ஏறவேண்டும். அன்றே நடவடிக்கை வேண்டும். ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டுமென 1948-இலேயே தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. பின்னும், ஓடும் உருளையருகே கைநீட்டச் சொல்வது சிக்கனமா, கொடுமையா?

மிச்சமாகும் கரிச்செலவில், அந்த மிச்சத்தைத் தேடித்தந்தவருக்கும் பங்கு உண்டு என்கிறோம் நாம். தாளைப் பிழியுங்கள், தொழிலாளியைப் பிழியாதீர்கள்!