மருத்துவர் இல்லாத சந்திரமுகி

ஒரு திரைப்படத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வியைத் தேநீர்க் கடையில் பேசித் தீர்த்துக்கொள்வதே வழக்கம். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் அதற்காக நாளேட்டில் இடம் கேட்பது சற்று அதிகப்படியாகத் தோன்றலாம். ஆயினும், அண்மையில் ஒரு விடுமுறை நாளில் 'சந்திரமுகி 2' படத்தை வீட்டில் அமர்ந்து முழுமையாகப் பார்த்து முடித்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபமே மிகுதியாக வந்தது. மோசமான படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எதற்கும் கோபப்பட்டதில்லை. இதற்கு மட்டும் ஏன் என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

2005 ஏப்ரல் 14 அன்று தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளிவந்த 'சந்திரமுகி', சிவாஜி புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தின் 50ஆவது படம். 'பாபா' தோல்விக்குப் பிறகு ரஜினிகாந்த் நடித்த படம். சென்னை சாந்தி திரையரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. (அத்திரையரங்கு தயாரிப்பாளர் குடும்பத்துக்கே சொந்தமானது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று என்னுள் இருக்கும் பொருளாதார ஆசிரியர் நினைவூட்டுகிறார்.) அதன் மூலம், 1993இல் மதுமுட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' எனும் மலையாளப் படம். அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தக் கதையை பி. வாசு முதலில் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், அடுத்த ஆண்டே தமிழில் 'சந்திரமுகி'யாகவும் எடுத்தார்.

இப்படத்தைப் பேய்ப்படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அதில் பேயே இல்லை. வேட்டைய மன்னனால் உயிரோடு எரிக்கப்பட்ட நர்த்தகியின் கதையைக் கேட்டு, அதில் தன்னை இழந்து, தன்னையே சந்திரமுகி என்று நம்பத் தொடங்கும் கங்கா ஒரு நோயாளி. அவளைக் கண்டறிபவர் சரவணன் எனும் மனநல மருத்துவர். வேட்டையனைப் பழிவாங்கியே தீருவேன் என்று துடிக்கும் அவளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து எரிக்க விடுகிறார்கள். அவளும் வேட்டையனையே எரித்துவிட்டதாக நம்பி அமைதி அடைகிறாள். உயிர்ச்சேதம் ஏதுமில்லை. பழிவாங்கும் உரிமை பெற்றவள் நூற்றாண்டுக்கு முன்பே இறந்துவிட்டாள், பழிவாங்கப்பட வேண்டியவனும் இல்லை, எஞ்சியிருப்பது காப்பாற்றப்பட வேண்டிய ஒரு பெண் மட்டுமே என்ற தெளிவு அக்கதைக்கு இருந்தது. 1978இல் 'ஆயிரம் ஜென்மங்கள்' எனும் ஆவிப் படத்தில் நடித்த அதே ரஜினிகாந்த், 27 ஆண்டுகள் கழித்து, 'இது பேயன்று, நோய்' என்று சொல்லும் மருத்துவராக வந்தார். அவர் சொன்னால் தமிழ்நாட்டில் அதற்குத் தனி எடை உண்டு.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. பிறர் மனத்தில் நினைப்பதை முகம் பார்த்தே சொல்லிவிடும் மருத்துவரை எந்த மருத்துவக் கல்லூரியும் உருவாக்கியதில்லை. பொம்மையை எரித்தால் நோய் தீரும் என்பதும் மருத்துவம் ஆகாது. அவ்வப்போது வந்து போகும் அந்த நீண்ட பாம்பு எதற்காக என்பது இன்றுவரை விளங்கவில்லை. பாட்டியிடம் வளர்ந்து, திடீரெனப் பெற்றோரால் பெருநகரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுமியின் காயத்தை மலையாள மூலம் பொறுமையாகச் சொன்னது. தமிழில் அப்பொறுமை இல்லை. இருந்தும், அடிப்படைச் செய்தி சிதையாமல் கடைக்கோடிப் பார்வையாளர் வரை சென்று சேர்ந்தது.

அதை நான் கண்கூடாகக் கண்டவன். என் தந்தையாரின் தங்கை, எங்கள் சின்ன அத்தை, திருமணமான இரண்டாம் ஆண்டில் பேச்சு மாறி, தூக்கம் இழந்து, தன் பெயரையே வேறு ஏதோ பெயராகச் சொல்லத் தொடங்கினார். 1960களின் இறுதி அது. ஊரே கூடி 'பேய் பிடித்துவிட்டது' என்று முடிவு செய்தது. வேப்பிலை, உடுக்கை, சாட்டை எல்லாம் நடந்தன. பிறகு வெளியூரில் ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. 2005இல், எழுபது வயதைத் தாண்டியிருந்த என் அம்மாவை 'சந்திரமுகி'க்கு அழைத்துச் சென்றேன். வடிவேலுவின் நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரித்த அவர், படம் முடிந்து வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் அத்தையையும் இப்படி ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்டா" என்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அத்தையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான்.

அந்தப் படம் வந்த காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 நோயாளிகள் உயிரிழந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து அதை விசாரித்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்ற தடை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது. ஏர்வாடி தர்காவுக்கு அருகிலேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவச் சேவையைத் தொடங்கி, மருந்தும் பிரார்த்தனையும் உடன் செல்லட்டும் என்று ஏற்பாடு செய்தது. வழிபாட்டுக்கு வருபவரைத் தடுக்காமல், வந்த இடத்திலேயே மாத்திரையும் கொடுப்பது. 'சந்திரமுகி'யின் இறுதிக் காட்சியில் ஆச்சாரியாரும் மருத்துவரும் சேர்ந்து செய்ததும் ஏறக்குறைய இதுவே. சினிமா முந்திக்கொண்டது என்று பெருமைப்படலாம்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். 2023 செப்டம்பர் 28 அன்று வெளியான அதில் இயக்குநர் அதே வாசு. நடிகர்களில் வடிவேலு தொடர்கிறார். ராகவா லாரன்ஸ், கங்கனா ரனாவத், ராதிகா, லட்சுமி மேனன் என்று பெரிய பட்டியல். அதே ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற கீரவாணி இசை. பணத்துக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. கதையில் மட்டும் ஒரு மாற்றம்: சந்திரமுகி இப்போது உண்மையிலேயே ஆவி. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணின் உடலில் அவள் புகுகிறாள். வேட்டையனும் ஆவியாக வந்து நாயகனின் உடலில் புகுகிறான். வேட்டையன் என்று நாம் அறிந்தவன் உண்மையில் செங்கோட்டையன் எனும் தளபதி என்று முன்கதையும் மாற்றி எழுதப்படுகிறது.

இதை ஒரு சாதாரண மாற்றமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சந்திரமுகியின் ஆவி அந்த அரண்மனையில் உண்மையாகவே உலவுகிறது என்றால், 2005இல் கங்காவுக்கு வந்தது என்ன? மருத்துவர் சரவணனின் நோயறிதல் தவறாகிவிடுகிறது. சாட்டையோடு நின்ற ஊரார் சொன்னதே சரியாகிவிடுகிறது. பொம்மையை எரித்ததும் அர்த்தமற்றதாகிறது, ஏனெனில் ஆவி பொம்மைக்கு ஏமாறுமா? பொதுவாக ஒரு தொடர்ச்சி தோற்றால் மூலத்துக்கு இழப்பில்லை. இதுவோ மூலம் சொன்ன சொல்லையே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. என் கோபத்தின் காரணம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

வாசு இதைச் செய்வது முதல்முறையும் அன்று. 2010இல் கன்னடத்தில் விஷ்ணுவர்த்தனின் மறைவுக்குப் பின் வெளிவந்த 'ஆப்தரக்‌ஷகா'விலும், அதே ஆண்டு தெலுங்கில் வந்த 'நாகவல்லி'யிலும் பழைய மன்னன் நூறு வயதைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறான். ஒரே மூலதனத்திலிருந்து மூன்று மொழிகளில் வட்டி வாங்கியிருக்கிறார்.

வட்டி என்று நான் சொல்வது உவமையாக மட்டும் அன்று. திரைப்படம் என்பது காசு கொடுத்து, பார்த்து முடித்த பிறகே தரம் தெரியும் சரக்கு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நேரும் என்பதை 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்களை வைத்து விளக்கினார். அந்த இருட்டில் வாங்குபவர் நம்புவது பெயரை. 'சந்திரமுகி' என்ற பெயர் 2005இல் ஈட்டிய நன்மதிப்பு, 18 ஆண்டுகள் வங்கியில் கிடந்த வைப்புத்தொகை போன்றது. புதிய பெயரில் ஒரு கதைக்கு முதலீடு தேடுவதைவிட அதை எடுத்துச் செலவழிப்பது எளிது. தொலைக்காட்சிக்கும் ஓடிடி தளத்துக்கும் விற்கும்போதும் தெரிந்த பெயருக்குத்தான் விலை. தயாரிப்பாளரை இதில் நான் குறை சொல்ல மாட்டேன்; இடர் குறைப்பது அவர் தொழில்.

அறிவுக்கு ஒவ்வாத தொடர்ச்சியைச் சந்தை தண்டித்துவிடும் என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் வழியில்லை. இதே கதையின் இந்தி வடிவமான 'பூல் புலையா'வுக்கு 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் மஞ்சுளிகா உண்மை ஆவியாகவே வந்தாள். படம் பெரும் வசூல் ஈட்டியது. 2013இல் பிரியதர்ஷன் மலையாளத்தில் வேறு வழியை முயன்றார். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் மருத்துவர் சன்னியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'கீதாஞ்சலி'யில் அவரிடம் வேறொரு சிக்கலை ஒப்படைத்தார். பேயைத் தொடராமல் மருத்துவரைத் தொடர்ந்த அந்த யோசனை என் கணக்கில் சரியானது. படம் எடுபடவில்லை.

லாரன்ஸ் தாமே இயக்கிய 'முனி', 'காஞ்சனா' படங்களின் மீது எனக்கு இத்தகைய வருத்தம் இல்லை. அவை தொடக்கம் முதலே பேய்க்கதைகள், மாற்றிப் பேசியதில்லை. நிலத்தையும் உயிரையும் பறிகொடுத்தவர்களுக்கு நீதிமன்றம் தராத தீர்ப்பை ஆவி தருகிறது என்பது நாட்டார் மரபில் நாம் அறிந்த நியாயம். கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் ஊர்களில் பிறந்தவர்கள் நாம். ஆகவே, பேய்ப்படமே கூடாது என்பதன்று என் கட்சி.

ஆனால், நம் நாட்டில் மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்று வெகுமக்களுக்குச் சொன்ன கதைகள் மிகக் குறைவு. தமிழ் சினிமா 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே கேலிச்சொல்லாக்கி அரை நூற்றாண்டு சிரித்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்கு உரிய சிகிச்சை கிடைப்பதில்லை என்றும் அது கூறியது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். மருத்துவரிடம் போக வேண்டும் என்றே தோன்றாதது இன்னொரு காரணம்.

இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது, பாதியில் என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து சிறிது நேரம் நின்று பார்த்தார். "இதிலே அந்த டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்டார். வர மாட்டார் என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.