பேய் இல்லாத பேய்ப்படம்

பேய்ப்படம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே அநேகர். இருட்டையும் அலறலையும் தலைவிரி கோலத்தையும் வைத்துக்கொண்டு ஜனங்களின் பயத்தைக் காசாக்கும் வியாபாரமே அது என்றும், யுத்தம், பசி முதலிய பெரிய விஷயங்களைத் தாங்கும் வலு அதற்கு இல்லை என்றும் அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஜப்பானிய டைரக்டர் கனேதோ ஷிண்டோ 1964-ஆம் வருஷத்தில் தாமே எழுதி இயக்கிய 'ஒனிபாபா' என்ற படம் அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு அரச வம்சங்கள் சிம்மாசனத்துக்காகப் பொருதிய பதினான்காம் நூற்றாண்டில் கதை நடக்கிறது. மகனைப் படைக்கு இழுத்துக்கொண்டு போய்விட, ஆளை மறைக்கும் நாணற்காட்டின் நடுவே ஒரு குடிசையில் மாமியாரும் மருமகளும் மிஞ்சியிருக்கிறார்கள். வழிதப்பி வரும் போர்வீரர்களைக் குத்திக் கொன்று, கவசத்தையும் வாளையும் கழற்றிக்கொண்டு, உடலைப் பாழுங்குழியில் தள்ளி, கொள்ளைப் பொருளைத் தரகனிடம் தானியத்துக்கு மாற்றுவதே அவர்கள் பிழைப்பு. படத்தின் தொடக்கத்தில் இந்தக் காரியம் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசப்படாமல் நடந்தேறுகிறது; கதிர் அறுத்துவிட்டு வந்த குடியானவப் பெண்களைப் போலவே இருவரும் குடிசைக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் படுத்து உறங்குகிறார்கள். அதன் பிறகு பேய் எதற்கு?

மகன் மாண்டான் என்ற செய்தியோடு திரும்பிவந்த அண்டைவீட்டுக்காரனிடம் மருமகள் இரவில் ஓடத் தொடங்கவே, தனியாகக் கொலைத்தொழில் நடத்த இயலாத கிழவி, இறந்துபோன சாமுராய் ஒருவனின் முகத்திலிருந்து பெயர்த்த பேய்முகமூடியை அணிந்து அவளை வழிமறிக்கிறாள். மழையில் நனைந்த முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மருமகள் அதை அடித்து உடைத்தால் உள்ளே இருப்பது புண்ணாய்ச் சிதைந்த முகம்.

இந்தக் கரு ஷிண்டோ இளமையில் கேட்ட பௌத்த நீதிக்கதை. அதில் மருமகள் போவது கோயிலுக்கு. முகமூடி ஒட்டிக்கொள்வது தெய்வ தண்டனை. ஷிண்டோவோ கோயிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பசியையும் காமத்தையும் வைத்தார். சிதைந்த முகத்துக்கு அணுகுண்டால் வெந்தவர்களின் புகைப்படங்களையே மாதிரியாகக் கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஹிரோஷிமா ஜில்லாவில் 1912-இல் பிறந்து, யுத்தத்தின் இறுதியில் படையில் சேர்க்கப்பட்டு, தம் பிரிவின் 100 பேரில் உயிர் தப்பிய 6 பேரில் ஒருவராக மீண்டவர் அவர்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழலாம். ஒரு பாவமும் அறியாமல் வெந்த ஜனங்களின் முகத்தை, கொலைகாரி ஒருத்திக்குத் தண்டனையாகச் சூட்டுவது தர்மமா? விடை படத்தின் முடிவில் இருக்கிறது. பேயென்று அஞ்சி ஓடும் மருமகளைத் துரத்திக்கொண்டு, தான் மனுஷியே என்று கதறியவாறு கிழவி அந்தக் குழியைத் தாண்டப் பாய்கிறாள். அவள் அக்கரை சேர்ந்தாளா, விழுந்தாளா என்பதைக் காட்டாமலே படம் முடிகிறது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஷிண்டோ தெய்வத்திடமிருந்தும் பறித்துவிட்டார், தாமும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்பா ஏரிக்கரைச் சதுப்பில் கொட்டகை போட்டுக்கொண்டு ஒரு கோடைகாலம் முழுவதும் அங்கேயே தங்கிப் படம் பிடித்த அந்தக் குழுவில், நாணலின் அசைவையே ஒரு பாத்திரமாக்கிய கியோமி குரோடாவின் காமிராவும், முரசை அதிரவிட்ட ஹிகாரு ஹயாஷியின் இசையும் மெச்சத்தக்கவை. ஆயினும் என்னைச் சிந்திக்க வைப்பது, நாற்பதை ஒட்டிய வயதில் கிழவியாக நடித்த நொபுகோ ஒதோவாதான். ஷிண்டோ 1952-இல் அணுகுண்டைப் பற்றி நேராகவே எடுத்த 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' படத்தில், பழைய மாணவர்களைத் தேடிப்போகும் சாந்தமான ஆசிரியையாக வந்தவரும் அவரே. அந்தப் படத்துக்கு ஆதரவளித்த ஆசிரியர் சங்கம், அது வெறுமனே கண்ணீரை வரவழைப்பதாகக் குறைப்பட்டு, வேறொரு படம் எடுக்க ஏற்பாடு செய்தது.

அந்தக் குறையில் உண்மை இல்லாமலில்லை. குற்றமற்றவர்களுக்காக அழுவது சுலபம். அழுதவுடன் மனம் லேசாகிவிடுகிறது. யுத்தம் கெடுத்த ஒருத்தியை, அவள் கை ரத்தத்தைக் கண்ணால் கண்ட பிறகும், மனுஷி என்று ஒப்புக்கொள்வது மிகக் கடினம். ரஸிகனை அந்தச் சங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்த, சோக நாடகத்தால் முடியாததைப் பேய்ப்படம் சாதித்திருக்கிறது.