பரண் எதற்காகக் கட்டப்பட்டது?

குறிஞ்சித் திணையை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவருகிறோம். தினைப்புனம், பரண், தழல், தட்டை, குளிர், கவண் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவோம். தலைவி கிளி கடிவாள், தலைவன் வருவான், களவு தொடங்கிவிடும். அந்தப் பரண் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மட்டும் விரைந்து கடந்துவிடுவோம். ஓர் இரவு பன்றிக்கூட்டம் இறங்கினால் அந்தக் குடிக்கு அவ்வாண்டு சோறில்லை. பாடியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பாடம் நடத்துகிற நமக்குத்தான் மறந்துபோயிற்று.

செஞ்சிப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் படிக்க வரும் மாணவன் ஒருவன் மல்லாட்டைப் பருவத்தில் முதல் வகுப்பிலேயே தூங்கிவிடுவான். இரவு முழுதும் கொல்லையில் தகரம் தட்டிவிட்டு வருகிறவன் அவன். அவனை எழுப்பித்தான் அகநானூறு நடத்தினோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். வடலூருக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்துகொண்டு கொலைக்கு ஆணையா என்று இலக்கிய நண்பர்கள் சிலர் வருந்தினார்கள். அவர்கள் கருணையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அந்தக் கருணைக்கான செலவை ஏற்கிறவர் அவர்கள் அல்லர், ஒன்றரை ஏக்கர்க்காரர்.

நமது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இந்த ஆணை போதாது என்கிறோம். சமவெளியில் புலியும் செந்நாயும் இல்லை. ஒரே ஈற்றில் நான்கைந்து குட்டி போடும் விலங்கு அங்கே பெருகத்தான் செய்யும். நள்ளிரவில் வந்து விடியுமுன் போய்விடுவதை மனுவும் பரிசீலனையும் முடிந்து வரும் காவலர் எங்ஙனம் பிடிப்பார்? வழி அடைபட்டபோது உழவர் திருட்டு மின்வேலிக்குப் போகிறார். மின்சாரம் பன்றி எது, யானை எது என்று பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. சுடுவதைக் கொலை என்பவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

உரிமச் சீட்டு முறை நம் மண்ணுக்குப் புதிதுமன்று. நீலகிரியில் வெள்ளையர் 1877-இல் வேட்டைச் சங்கம் கண்டு, 1879-இல் சட்டமும் செய்துகொண்டனர். கடமானுக்கு உரிமமும் விலக்குக் காலமும் வந்தன. (இதே கடமானைத்தான் இலங்கைத் துரைமார் 'எல்க்' என்று அழைத்தார்கள். ஈழத்தமிழர் அதற்கு வைத்திருக்கும் 'மரை' என்ற அழகான பெயர் அவர்கள் காதில் விழவில்லை.) சீட்டு வைத்திருந்தவர் கனவான் ஆனார், தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியவர் திருடர் ஆனார். முறையில் பிழையில்லை, சீட்டு யார் கைக்குப் போனது என்பதில்தான் பிழை.

அமெரிக்காவின் மாண்டானாவில் எல்க் மானுக்கு உரிமம் உண்டு. ஆயினும் பெருநிலக்கிழார்கள் வேலியை அடைத்துவிட்டால் மந்தை அந்த நிலத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே வேட்டைக்காரரை உள்ளே விடும் நிலக்கிழாருக்கு அரசே பணம் தருகிறது. நம் உழவருக்கு அந்தப் பணம்கூட வேண்டாம். வாருங்கள் என்று அவரே அழைக்கிறார். வரக்கூடியவரைத்தான் சட்டம் தடுத்து வைத்திருக்கிறது.

வரக்கூடியவர் யார்? 2016-இல் புதுச்சேரிக்கெனப் பழங்குடிப் பட்டியல் அறிவிக்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற பெயர் இருளர். வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் உள்ளடக்கி. வேட்டைக்காரன் என்று அரசிதழ் எழுதுகிறது. வேட்டையாடினால் சிறை என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவர்களை நம்பலாமா என்று கேட்போர் வடநெம்மேலிக்குப் போய்வரட்டும். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அரசு எண்ணிக் கொடுக்கும் உரிமத்துக்குள் பாம்பு பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறது. நாட்டின் நச்சுமுறி மருந்து பெரிதும் அந்த நஞ்சை நம்பியே இருந்துவந்திருக்கிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அதே முறையைப் பன்றிக்கும் கொண்டுவரலாம் என்கிறோம். முதலில் வட்டவாரியாகக் கணக்கெடுப்பு. அதன்படி ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு. நிலத்துக்காரரின் எழுத்து இசைவு. பயிற்சி பெற்ற இருளர் குழுவிடம் உரிமம், அதற்குக் கூலி. கேரளம் 2022-இலேயே அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. ஆனால் அங்கும் சுட்ட பன்றியைப் புதைத்தே ஆகவேண்டும், உண்ணலாகாது. இறைச்சி விலைபோனால் வேட்டை பெருகும் என்ற அச்சம் நமக்கும் புரிகிறது. இருந்தும், பயிரைத் தின்று கொழுத்த உடலை, பயிரை இழந்தவன் பார்த்துக்கொண்டிருக்க மண்ணில் தள்ளி மூடும் விதியை எழுதியவர் ஓரிரவாவது பரணில் படுத்தவராய் இருக்கமுடியாது.