நகல் எழுதியவர் பெயர்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் அண்மையில் ஓர் ஓவியத்தின் முன் அரைமணி நேரம் நிற்க நேர்ந்தது. மாணவர்களின் வேலைவாய்ப்புத் தொடர்பாகச் சென்றிருந்தோம். உள்ளேயிருந்து அழைப்பு வரத் தாமதமாயிற்று. ஓவியத்தில் மாமல்லபுரத்துச் சிற்பப் பாறைகள். கீழே பித்தளைத் தகட்டில் தாமஸ் டேனியல் என்ற பெயர். அச்சுப்படம் என்றே முதலில் எண்ணினோம். அருகில் சென்று பார்த்தால், வானத்து நீலத்தில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையால் எழுதிய நகல்! எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

உடன் வந்த நண்பர், தேர்ந்த வாசகர், "போலி" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சொல்லோடு நமக்கு உடன்பாடில்லை.

போலி என்பது தன்னையே மூலம் என்று சொல்லி விலைபோவது. நகல் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அதுவும் இருக்கட்டும், இங்கே மூலம் என்பதுதான் எது? தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டில் பயணம் செய்து வரைந்தவை கோட்டோவியங்களும் நீர்வண்ணங்களும். லண்டன் திரும்பிய பின் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். 1795 தொடங்கி 1808 வரை வெளியான அத்தொகுதியில் 144 படங்கள். அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணமும் தீட்டப்பட்டது. மாமல்லபுரத்து வெயிலைக் கண்டேயிராத எத்தனை லண்டன் கைகள் அந்தப் பாறைகளுக்கு நிறம் கொடுத்தனவோ! அந்தக் கைகளுக்கும் பெயர் இல்லை. ஆக, ஒரகடத்து ஓவியர் செய்தது நகலின் நகலுக்கு இன்னொரு நகல். சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பழிப்பது என்ன நியாயம்?

நகல்களின் வரலாற்றில் தீ அடிக்கடி குறுக்கிடுகிறது. சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844இல் அஜந்தா சுவரோவியங்களைப் பெயர்த்தெழுத அனுப்பப்பட்டார். பல ஆண்டு உழைப்பு. அவற்றில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் போயின. பின்னர் ஜான் கிரிஃபித்ஸும் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களும் 1872 முதல் மீண்டும் எழுதினார்கள். அவற்றிலும் பல 1885 தீயில் அழிந்தன. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். மத்திய அமெரிக்கக் காடுகளில் மாயா நகரங்களின் இடிபாடுகளை ஜான் லாயிட் ஸ்டீவன்ஸோடு சென்று வரைந்தவர் ஃபிரெடரிக் கேதர்வுட். அவருடைய ஓவியங்கள் பலவும் 1842இல் நியூயார்க் காட்சிக்கூடத்தோடு எரிந்தன. இன்று நாம் காணும் கோபானும் ஊஷ்மாலும் பெரும்பாலும் அவருடைய நூல்களின் அச்சுப்படங்கள் வழியாகவும், 1844இல் வந்த 25 கல்லச்சுப் படங்கள் வழியாகவும், அவற்றிலிருந்து பிறந்த கைவண்ண நகல்கள் வழியாகவும் வருபவை.

(மாயா என்றதும் மயன் நினைவுக்கு வருவது தமிழனுக்கு இயல்பு. கணபதி ஸ்தபதி அவ்விரண்டையும் இணைத்து வாதிட்டதுண்டு. அவருடைய உளிக்குத் தலைவணங்குகிறோம். அந்த வாதத்துக்கு அல்ல.)

கேதர்வுட்டிடம் நம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை வளைவு பிசகாமல் வரைந்து வைத்தார். மாயா எழுத்தின் பெரும்பகுதி புரிபட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பொருள் தெரியாமலே காப்பாற்றிக் கொடுப்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதா என்ன? ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். சிந்தாமணி நம் கைக்கு வந்தது யாரோ ஒருவர் அதைப் பார்த்து இன்னோர் ஓலையில் எழுதி வைத்ததால். உ.வே.சா. 1887இல் அதைப் பதிப்பித்தபோது ஒப்புநோக்கியவை எல்லாம் நகல்களே. அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன; ஆனாலும் எவரும் அவற்றைப் போலி என்று தள்ளவில்லை. ஒரு வேறுபாடு உண்டு. எத்தனையோ ஏடுகளின் இறுதியில் ஆண்டு, மாதம், நாள் குறித்து, இன்னார் எழுதியது என்று முடித்திருப்பார்கள். மூலநூலாசிரியன் பெயருக்கு அதனால் குறைவேதும் வந்துவிடவில்லை.

ஒரகடத்து நகலிலும் குறைகள் உண்டு. டேனியலின் அடங்கிய மஞ்சள் இதில் சினிமாப் பதாகையின் செம்மஞ்சளாகியிருக்கிறது. இந்த ஐயத்தோடு விசாரித்துக்கொண்டு, படத்துக்குச் சட்டம் போட்ட ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்கே போனோம். ஐயம் சரிதான். எழுதியவர் ஃபிளெக்ஸ் வரும்வரை சென்னையில் திரைப்படப் பதாகை எழுதிக்கொண்டிருந்தவராம். அவர் ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டோம்.

"பேர் போட்டா கம்பெனிக்காரங்க வாங்க மாட்டாங்க சார். டேனியல் படம்தானே கேக்குறாங்க" என்றார் கடைக்காரர்.

எழுதியவரிடம் சொல்லி அடுத்த படத்திலாவது ஓரத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள் என்றோம். சிரித்தார். மறுமுறை தொழிற்சாலைக்குச் சென்றபோது அலுவலர் ஒருவரிடமும் இதைச் சொல்லி வைத்தோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கிளம்புமுன் அந்தப் பித்தளைத் தகட்டை விரலால் அளந்து பார்த்தோம். டேனியல் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்குத் தாராளமாக இடமிருக்கிறது.