தள்ளு, நான் பண்றேன்!

"நிஜ இட்லித் தட்டைக் கழுவி வைடின்னா வர மாட்டா, கம்ப்யூட்டர்ல இட்லி ஊத்திட்டு உக்காந்திருக்கா!"

தில்லியில நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தா, மலை மந்திர் வாசலானாலும் சரி, மயூர் விஹார் காய்கறிக் கடையானாலும் சரி, இப்படி ஒரு புலம்பல் காதில் விழுது. எனக்கென்னவோ பிள்ளைங்க பக்கம்தான் நியாயம்னு படுது.

'வெண்பா'ன்னு ஒரு கேம். டொரோண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை; வெண்பாங்கிறது அம்மா பேரு. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஊரிலிருந்து கொண்டுபோன, கிழிஞ்சு கறை படிஞ்ச சமையல் நோட்டை வச்சுக்கிட்டு இட்லி, புட்டு, பிரியாணின்னு செய்யணும். அழிஞ்சு போன வரிகளை நாமளே யூகிக்கணும். ரேடியோவில் பாட்டு ஓடிட்டிருக்கும். அவ்வளவுதான் விளையாட்டு! 2024ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதுக்குத்தான் கிடைச்சுது. இட்லிக்கு பாஃப்டா :-)

2016ல் வந்த 'ஸ்டார்டியூ வேலி'யும் இந்த ஜாதிதான். செடிக்குத் தண்ணி ஊத்து, மீன் பிடி, தூங்கு.

வீட்டில் செய்ய அலுத்துக்கிற வேலை திரையில் மட்டும் எப்படி இனிக்குது? ஒண்ணு, அங்கே வேலை முடியுது. எங்க பேங்க்கில் மார்ச் 31 ராத்திரி கணக்கை முடிச்சா ஏப்ரல் 1 காலையில் புது டார்கெட் நிக்கும். கேமில் குழாயிலிருந்து புட்டு வந்து விழுந்தா விழுந்ததுதான்.

அதைவிடப் பெரிய காரணம், அங்கே யாரும் "தள்ளு, நான் பண்றேன்"னு சொல்றதில்லை. கடிகாரம் இல்லை, மார்க் இல்லை. தப்பாப் போனா மறுபடி செய்யலாம். நம்ம அடுக்களையில் இது நடக்குமா? ஜனவரிக் குளிர், ராத்திரி கரைச்ச மாவு பொங்கவே இல்லை, குழாய்த் தண்ணி ஐஸ், ஸ்கூல் வேன் ஹாரன். அந்த நேரத்தில் பிள்ளை கரண்டியைத் தொட்டா பிடுங்கத்தான் தோணும். தங்கமணிகளைக் குத்தம் சொல்லலை, அவங்களும் ஆபீஸ் ஓடணும். பசியோட ரெண்டு பேர் காத்திருக்கிறப்ப சமையல் யாருக்குமே அமைதியா இருந்ததில்லை.

'வெண்பா'வுக்கும் இது தெரியும். அம்மா தமிழில் கேட்கிறா, பையன் இங்கிலீஷில் பதில் சொல்றான். இங்கே நம்ம வீடுகளில் இந்தி, வித்தியாசம் அவ்வளவுதான். ஊரை விட்டு வந்ததில் சமையல் குறிப்பு ஒண்ணும் தொலைஞ்சு போகலை, யூடியூபில் கொட்டிக் கிடக்கு. அவசரமில்லாம பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்க்கிற அந்த நேரம்தான் தொலைஞ்சு போச்சு. பிள்ளைங்க அதைக் கேமில் தேடிப் பிடிச்சிருக்காங்க. அதையும் பிடுங்கணுமா?

வேணும்னா ஒண்ணு செய்யுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி, வீட்டில் யாருக்கும் பசிக்காத நேரம். கரண்டியைக் கையில் கொடுத்துட்டு நீங்க ஸ்டூலைப் போட்டு உக்காருங்க. முதல் தோசை ஆஸ்திரேலியா மேப் மாதிரி வரும். வரட்டுமே.